தூளியில் தூங்கிய பன்னிரண்டு புட்டிகள்

கோலார் தங்கவயலில் அந்தக் காலத்தில் தங்கத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். பெரிய துரை முதல் தண்ணீர் சுமப்பவர் வரை நாங்கள் எல்லாரும் பூமிக்கடியில் என்ன கிடக்கிறது என்று கனவு கண்டுகொண்டிருக்க, அவர் மட்டும் கப்பலில் என்ன வருகிறது என்று கனவு கண்டார். அவருக்குப் பெயர் தூளிக்காரர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனையோ பேரைப் பற்றிச் சிரித்து எழுதியிருக்கிறேன். இவரை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் உண்டு. எழுபதைத் தாண்டிய பிறகு காரணங்களை ஒளித்துவைக்க இடம் போதவில்லை.

தூளிக்காரர் ஒயின் ஏஜெண்டு. சீமை ஒயின் வேண்டுமென்றால் சுரங்கக் கம்பெனி ஸ்டோரிலேயே வாங்கலாம். ஆனால் ருசி தெரிந்த துரைமார்கள் ஸ்டோர்ப் பக்கம் வரமாட்டார்கள், ஆண்டர்சன்பேட்டையில் தூளிக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் சமையல்காரர், சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் பரிசாரகர், பெங்களூர் கண்டோன்மெண்டில் ஏலக் கம்பெனிக் குமாஸ்தா என்று அவருக்கு ஊருக்கு ஊர் ஆள் உண்டு. எங்காவது ஒரு துரை செத்தாலோ சீமைக்குத் திரும்பினாலோ உறவினர்களுக்கு முன்னால் இவருக்குத் தந்தி வந்துவிடும். படிக்கத் தெரியாததால் தபால்காரரே படித்துச் சொல்வார்.

"தூளிக்காரரே, புதுச்சேரியில யாரோ தவறிட்டாங்களாம்."

தூளிக்காரர் தலைத்துண்டை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிடுவார். பிறகு ஒரு கண்ணைத் திறப்பார். "பாவம், நல்ல மனுசன். நெலவறையில இன்னா வெச்சிருந்தாராம்?"

அவருக்குத் தூளிக்காரர் என்று பெயர் வந்தது சுரங்கத்து வேட்டால். தினம் இரண்டு வேளை பாறைக்கு வேட்டு வைப்பார்கள். தரை அதிரும், அடுக்கில் பாத்திரம் கிணுகிணுக்கும். பழைய ஒயினில் அடியில் வண்டல் தங்கியிருக்கும். அது கலங்கினால் ஒயின் கெட்டது என்பது அவர் சித்தாந்தம். ஆகவே தரையிலோ அலமாரியிலோ வைக்காமல், ஒவ்வொரு புட்டியையும் பழஞ்சேலைத் தூளியில் படுக்கவைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தரை என்ன குதித்தாலும் புட்டி தூங்கும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு எத்தினி புள்ளைங்கடி? ஒண்ணுகூட அழுவலியே" என்று தெருவெல்லாம் விசாரித்தாள்.

இத்தனைக்கும் அவர் ஒரு சொட்டு குடித்தவரில்லை. குடிக்கிறவர்களையும் நம்பமாட்டார். புட்டி கேட்டு வந்தால் முதலில் அந்த வீட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார். ஒரு இஞ்சினீயர் துரை நேரிலேயே வந்து கேட்டபோது கையை விரித்துவிட்டார். "இன்னிக்கு ஒங்க ஊட்ல கருவாடு. இத அது மேல ஊத்தக்கூடாது. திங்கக்கெழம வாங்க." துரை கோபித்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வந்தார்.

வாங்குகிறவர் பெயரை மட்டும் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். எந்தப் புட்டி யாருக்கு என்று அவருக்கும் புட்டிக்கும்தான் தெரியும்.

இனி என் கதை. நான் அப்போது கம்பெனி ஸ்டோரில் குமாஸ்தா. வேலூர் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியவன். என் இங்கிலீஷைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் மிக உயர்ந்தது. ஸ்டோரில் ஒயின் அலமாரியும் என் பொறுப்பு. புட்டிகளை ஜன்னலோரம் வெயில் படும்படி, பட்டாளம் மாதிரி நிற்கவைத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கும்.

ஒரு நாள் சின்ன துரை ஒருவர் தூளிக்காரரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். தூளிக்காரர் ஒரு புட்டியைக் கையிலெடுத்தார், தக்கையை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார்.

"புளிச்சிடுச்சு, ஊறுகா போடலாம்" என்றார்.

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். துரை அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். ஆனால் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துரைக்கு அவ்வளவு தமிழ் தெரிந்தே இருந்தது. முதலில் சிரித்தவர் அவர்தான்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, கற்றுக்கொள்ள வந்தவன் மாதிரி, தூளிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் சந்தேகப்படவே இல்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

"மெள்ள பேசு தம்பி. இப்பத்தான் வந்து படுத்திருக்குதுங்க. போர்ட் ஒயின். இருபத்திரண்டு வருசத்துச் சரக்கு. ரெண்டு வருசமா தேடினேன். பன்னண்டு புட்டி. எத்தினின்னு யார்கிட்டயும் நான் சொல்லல, கண்ணு பட்டுடும்."

ஒரு தூளியை விலக்கிக் காட்டினார். சூரிய வெளிச்சத்தில் அடிவண்டல் கருத்து, கனத்துத் தெரிந்தது.

தங்கவயலில் திருட்டுத் தங்கத்துக்கு இருந்த பயம் இன்றைய வாசகர்களுக்குப் புரியாது. மில்லில் அரைத்த தங்கச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துவார்கள். சோற்றுத் தூக்கில், தலைமுடிக்குள், செருப்புக்குள் எல்லாம் சிக்கியிருக்கிறது. புட்டியின் அடியில் கனமாக ஏதோ படிந்திருக்கிறது என்றால் காவல்காரன் வேறு எதையும் நினைக்கமாட்டான். அது எனக்குத் தெரியும். அது ஒயின் வண்டல் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே இடது கையால், நல்ல இங்கிலீஷில், காவல் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப்போட்டேன்: ஆண்டர்சன்பேட்டையில் இன்னார் வீட்டில் பன்னிரண்டு புட்டிகளின் அடியில் கம்பெனித் தங்கம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காவல் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்தார். நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு தூளிகளையும் அறுத்து இறக்கினார்கள். ஒவ்வொரு புட்டியையும் காவல்காரர்கள் காதருகே வைத்து, தேங்காய் வாங்குகிறவர்கள் மாதிரி குலுக்கினார்கள். தூளிக்காரர், "குலுக்காதீங்க, நைனா, குலுக்காதீங்க" என்று ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினார்.

ஒன்றை உடைத்து ஒரு தலைப்பாகையில் வடிகட்டினார்கள். தலைப்பாகை சிவந்தது, கருப்பாக ஒரு சகதி தங்கியது. ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து உரைகல்லில் உரைக்கச் சொன்னார்கள். ஆசாரி உரைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடைசியில் விரலை நக்கிப் பார்த்தார்.

"தங்கம் இல்லீங்க" என்றவர் கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் இன்னொண்ணு பாத்துடலாம்" என்றார்.

அப்படி அவர் மூன்று புட்டி பார்த்த பிறகு இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். தங்கம் கிடைக்காத கோபத்தில் கேட்டார்: "இவ்வளவு சீமை ஒயின் யாருக்கு? பேரைச் சொல்."

"அது நம்ம தொழில்ல இல்லீங்க."

"சொல்லாவிட்டால் இந்த மாசக் கடைசிக்குள் தங்கவயலை விட்டுப் போகவேண்டும்."

"போறேனுங்க. அதுங்களைக் கீழ வைக்கச் சொல்லுங்க, மெள்ள."

மறுநாள் காலை தூளிக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். "பெரிய தொரைக்கு ஒரு மனு எழுதணும் தம்பி. இங்கிலீசு ஒனக்குத்தான் நல்லா வரும்" என்றார். வயலை விட்டுப் போகச் சொன்ன உத்தரவை ரத்து செய்யத்தான் கேட்கப்போகிறார் என்று பேனாவை எடுத்தேன். என் பாவத்தை என் இங்கிலீஷாலேயே கழுவிவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"எழுது. பத்து நாளைக்கு வேட்டு வெக்கறத நிறுத்தணும்."

"எங்கே?"

"சொரங்கத்துலதான்."

"அண்ணே, உங்களை ஊரை விட்டே போகச் சொல்லியிருக்காங்க. அதை எழுத வேணாமா?"

"அது அப்பாலே. மொதல்ல இதுங்க தூங்கணும். ஒம்போதும் கலங்கிக் கெடக்குது. பன்னெண்டாம் நாளு கல்யாணம்."

ஒன்பது புட்டி ஒயின் தூங்குவதற்காக ஒரு தங்கச் சுரங்கத்தை நிறுத்தும்படி தாழ்மையுடன் கேட்டு எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. பங்களாவுக்கு நானே எடுத்துப்போனேன். பெரிய துரை படித்தார், மேஜையைத் தட்டிச் சிரித்தார், பாதியில் சிரிப்பை நிறுத்தினார். "என் மகள் பிறந்த வருஷத்து ஒயின், அவள் கல்யாணத்துக்கு" என்றார் மெதுவாக. தூளிக்காரரை இரண்டு வருஷம் தேடவைத்தவர் அவர். இன்ஸ்பெக்டர் வந்தவுடனே அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு புட்டிகூட உடைந்திருக்காது.

வேட்டு வைப்பதை நிறுத்தமுடியாது, பேத்தமங்கலம் ஏரிக்கரையில் ஒரு அறை தருகிறேன், அங்கே அதிர்வு வராது என்றார். ஊரை விட்டுப் போகும் உத்தரவையும் மொட்டைக் கடுதாசியையும் கல்யாணத்துக்குப் பிறகு விசாரிப்பதாகச் சொன்னார்.

ஏரி ஐந்தாறு மைல். மாட்டு வண்டி குலுக்கும் என்று தூளிக்காரர் மறுத்துவிட்டார். ஒரு மூங்கில் கழியில் ஒன்பது தூளிகளையும் வரிசையாகக் கட்டி, முன்முனையை அவர் தோளிலும் பின்முனையை என் தோளிலும் வைத்தார். என்னைத்தான் கூப்பிட்டார். விடிந்ததும் புறப்பட்டோம். செருப்புப் போடக்கூடாது, இருமக்கூடாது, வலது கால் வைத்தால் இருவரும் வலது கால்.

வழியில் புல் சுமந்து வந்த ஒரு கிழவி நின்றுவிட்டாள். "இன்னாய்யா இது, எல்லாம் ஒரே பிரசவமா?"

"ஆமாம்மா" என்றார் தூளிக்காரர், நடையைக் குறைக்காமல்.

"ஆத்தா எங்கே?"

"கப்பல்ல."

அவள் வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி தூரம் போனதும் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணே, அந்த மொட்டைக் கடுதாசி நான்தான் எழுதினேன்."

"கல்லு இருக்குது, பாத்து வா."

கல்லைத் தாண்டினோம்.

"நான்தான் எழுதினேன்னு சொன்னேன்."

"காது கேக்குது. பன்னண்டு புட்டின்னு அதுல எழுதியிருந்துச்சாம். எத்தினின்னு நான் ஒனக்கு மட்டுந்தான் சொன்னேன்."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"ஒன் ஒசரமும் என் ஒசரமும் ஒண்ணு. கழி சமமா நிக்கும். பேசாதே, கலங்குது."

மீதி தூரம் இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

பத்து நாள் அவர் அந்த அறையை விட்டு அசையவில்லை. பதினோராம் நாள் அதே நடையில் பங்களாவுக்குக் கொண்டுவந்தோம். கல்யாணத்தன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு புட்டியாகச் சாய்த்து, வண்டல் கழுத்துக்கு வரும் கணத்தில் நிறுத்தி, ஒன்பதையும் அவரே வடித்தார். பெரிய துரை குவளையை உயர்த்திப் பார்த்தார். அதில் ஒரு தூசு இல்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை. துரைக்கும் தூளிக்காரருக்கும் நடுவே மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.

"கடுதாசி எழுதியது யாரென்று இவருக்குத் தெரியுமா, கேள்" என்றார் துரை.

கேட்டேன்.

"தெரியும்னு சொல்லு" என்றார் தூளிக்காரர்.

சொன்னேன்.

"யார்?"

"வாங்கினவங்க பேரக் கேட்டே நான் சொல்லல. எழுதினவன் பேர மட்டும் சொல்லுவனான்னு கேளு."

அதையும் சொன்னேன். துரை அவரைப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். என் வாயில் தமிழும் இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. இரண்டிலும் 'நான்தான்' என்று ஒரு சொல் வரவில்லை. ஏரிக்குப் போகும் வழியில் அவர் முதுகுக்குச் சொன்னதை, ஒரு அறைக்குள் நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இன்றுதான் சொல்கிறேன். அவரும் இல்லை, துரையும் இல்லை, என்னை வேலையை விட்டு நீக்க ஒருவரும் இல்லை. இப்போது சொல்வதில் பெருமை ஒன்றும் கிடையாது.

துரை இன்ஸ்பெக்டரின் உத்தரவைக் கிழித்துப் போட்டார். தூளிக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா நிக்கறே? பசிக்குது, வா" என்றார்.

அவர் வீட்டில் அன்று சோறும் மிளகு ரசமும்தான். என்னை உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டார். ரசச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, கலங்காமல் சாய்த்து, மேலே நின்ற தெளிவையெல்லாம் எனக்கே ஊற்றினார். அடியில் நின்ற மண்டியைத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டு, "சாப்பிடு தம்பி, ஆறிடும்" என்றார்.