அமிர்தத்தின் வாசற்கதவில் அறிவிப்பு ஒட்டிய படலம்

வாழ்க வைத்திலிங்கம்! வடலூர்க் கமாலுதீன் ராவுத்தரின் சாமான் கிடங்குக் கணக்குப்பிள்ளை, மைதாப்பசைக் கலமேந்திய திண்கரத்தன், நாழிகைக்கொரு முறை சங்கிலி கழலும் மிதிவண்டிக்குப் பாகன், வெயிலுக்கு அஞ்சிக் குடைபிடித்தாலும் கடமைக்கு அஞ்சாத காவலன். அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டுக் கத்திரி வெயிலில் ஒற்றைத்தாளை ஏந்தி நடத்திய போரைப் பாடுவோம். கலைமகள் வேறு வேலையாக இருந்தால், அவளைத் தொந்தரவு செய்யாமலே பாடுவோம்.

போரின் காரணம் ஒரு கதவு. நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரைக் காலிசெய்த நாளில், கொளஞ்சியப்பன் மனைவி அமிர்தம் தன் வீட்டின் பலாமரத் தலைவாசற்கதவை நிலையோடு பெயர்த்து, மாதவாடகைக்கு ராவுத்தர் கிடங்கில் போட்டிருந்தாள். ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. ஏலம் விடலாம் என்றால் குறுக்கே மலைபோல் கிடந்தது முத்திரைத்தாள் ஒப்பந்தத்தின் ஏழாம் ஷரத்து: முதலில் அறிவிப்பை உரியவர் கையில் கொடுத்து ரேகை வாங்கவேண்டும், வாங்க மறுத்தால் அவர் வீட்டு வாசற்கதவில் ஒட்டவேண்டும், அதன்பின் பதினைந்து நாள் பொறுக்கவேண்டும்.

முதற்கணையைத் தபாலில் ஏவினான் வைத்திலிங்கம். அது 'இப்படி ஓர் ஊர் இல்லை' என்னும் சிவப்பு மைக் காயத்தோடு திரும்பி வந்தது. நேரில் போய் ஒட்டுவோம் என்று பசையோடு புறப்பட்டவன், அமிர்தத்தின் தெரு இருந்த இடத்தில் பாதாளம் வரை தோண்டிய குழியையும், அதனடியில் ஊரையே மென்றுகொண்டிருந்த இரும்புப் பூதத்தையும் கண்டான். அந்த வாயில் ஒட்ட அவனிடம் பசை போதவில்லை.

வீரன் தளர்ந்தானா? தளர்ந்தான், ஒரு டீ குடித்தான், மறுநாள், கொளஞ்சியப்பன் போன்ற சுரங்கத் தொழிலாளருக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த டவுன்ஷிப் மேல் படையெடுத்தான். ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் குவார்ட்டர்ஸ்களின் சக்கரவியூகத்துள் புகுந்து, மூன்று முறை ஒரே வேப்பமரத்தைச் சுற்றி, இரு நாய்களைப் புறங்கண்டு, ஒரு நாய்க்குப் புறங்காட்டி, உச்சிப்பொழுதில் அமிர்தத்தின் வாசலை அடைந்தான். அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள்.

"கிடங்குலேருந்து வரேம்மா. இந்த நோட்டீசை வாங்கிக்கினு ஒரு ரேகை வைக்கணும்."

முழங்கைவரை மாவுக்கவசம் பூண்ட இரு கரங்களை அவள் உயர்த்திக் காட்டினாள்.

"கை மாவா இருக்குதுங்க."

"கழுவிட்டு வாங்க. இருக்கறேன்."

"வாங்க மாட்டேங்க. சம்பளம் இப்பத்தான் சரியா வர ஆரமிச்சிருக்கு. வாங்கனா கதவ வித்துடுவீங்க."

மறுப்பு கிடைத்தது. வைத்திலிங்கம் கலத்தைத் திறந்து, தூரிகையை உருவி, கதவை நோக்கி ஓங்கினான்.

"அது கம்பெனிக் கதவுங்க," என்றாள் அமிர்தம் அமைதியாக. "ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கினு இருக்காங்க. என் வூட்டுக் கதவு ஒங்க கிடங்குலதான கெடக்குது. அதுல போயி ஒட்டுங்க."

ஓங்கிய தூரிகை ஓங்கியபடி நின்றது. துளி ஒன்று திரண்டு அவன் செருப்பில் வீழ்ந்தது. விதிகளின் விதியான ஏழாம் ஷரத்தை மனத்துள் மூன்று முறை படித்தும், அவன் அவள் சொன்னதில் ஒரு பிழையும் காணவில்லை.

ராவுத்தரும் அதில் பிழை காணவில்லை. "அந்தம்மா சொல்றது நியாயந்தான் வைத்தி. உள்ளே போய் ஒட்டு. ஆனா அவங்க கண்ணால பார்க்கணும். இல்லாட்டி அது அறிவிப்பே இல்லை. சொல்லி அனுப்பு."

ஒட்டி ஆறாம் நாள் அமிர்தம் பஸ் ஏறி வந்தாள். இருண்ட கிடங்கில், அண்டாக்களும் கட்டில்களும் அணிவகுத்து நிற்க, சுவரில் சாய்ந்திருந்த கதவின் முன் நின்றாள். பித்தளை வளையத்தை முந்தானையால் துடைத்தாள்.

"படிக்க வராதுங்க. நீங்களே படிங்க."

பகைவரை நடுக்கவென்று இயற்றிய அவ்வாசகத்தைப் படிக்கையில், பாதியிலேயே வைத்திலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

"பதினஞ்சு நாளுன்னா, நீங்க ஒட்டன நாள்லேருந்தா?"

ஆறு நாள் கழிந்திருந்தது. ஒட்டிய நாளிலிருந்தே எண்ணும் ஷரத்து ராவுத்தர் பக்கம் நின்றது. ராவுத்தரோ தொழுகைக்குப் போயிருந்தார். அக்கணம், வடலூர்த் திசையெல்லாம் மூச்சடக்கி நிற்க, நம் வீரன் தேதியிருந்த மூலையை நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

"இன்னையிலேருந்துதாம்மா."

அன்றிலிருந்து பதினாலாம் நாள் அமிர்தம் வந்து பாக்கியைக் கட்டிவிட்டு, குவார்ட்டர்ஸில் கதவு வைக்க இடமில்லை என்று அதை மறுபடி மாதவாடகைக்கு அங்கேயே விட்டுப் போனாள்.