தட்டிப் பார்க்கிறவரின் சுடுதண்ணி

பழுதான ஒரு பொருளை அவருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்க்கமாட்டார். வயர் செருகியிருக்கிறதா என்றும் பார்க்கமாட்டார். நடுவிரலை மடித்து, மொளியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, "ம்ம்" என்பார். வானொலி, வொஷிங் மெசின், காரின் பொனற் என்று தொடங்கி, கவுன்சிலிலிருந்து வந்த ஒரு தடித்த கடித உறை வரைக்கும் இந்த இரண்டு தட்டையும் இருபத்தாறு வருடமாகக் கேட்டு வருகிறாள் அவர் மனைவி செல்வமலர்.

வாசகரே, இது ஒரு தனி இனம். தட்டிப் பார்க்கிறவர்கள். நெஞ்சில் தட்டிப் பார்ப்பதற்கு டாக்டர்மார் ஐந்து வருடம் படிக்கிறார்கள். இவர்களுக்கு விரல் இருந்தால் போதும்.

லண்டனில், மிச்சம் பகுதியில் வசிக்கும் செல்வமலரின் கணவர் ஞானேஸ்வரன் இந்த இனத்தின் மூத்த பிரதிநிதி. ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பதினொரு பேர் வருகிறார்கள், வீட்டிலோ குளியலறை ஒன்றுதான் என்றதும், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய கரவன் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். வாங்குமுன் சோதித்தாரா? ஏன் சோதிக்காமல்? நாலு பக்கமும் தட்டினார்.

"கட்டில் இருக்கு, குசினி இருக்கு, குளிக்கிறதுக்குச் சுடுதண்ணியும் வரும். வேறை என்ன வேணும் உமக்கு?"

அந்தச் சொல்லை நம்பித்தான் செல்வமலர் ஜேர்மனிக்கு ரெலிபோன் எடுத்து, "அக்கா, நீங்கள் யோசிக்காமல் வாங்கோ, வடிவாய்ச் சுடுதண்ணியிலை முழுகலாம்" என்று வாக்குக் கொடுத்தாள். அக்கா சந்திரவதனாவுக்குப் பீனிசம். பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் முகம் வீங்கிவிடும். ஆனால் தேரன்று முழுகிவிட்டுக் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்த்தி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது ஒருநாள் குழம்பில் உப்புக் குறைந்த கதையே இன்னும் பாரிசுக்கும் டோர்ட்முண்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. சுடுதண்ணி வராவிட்டால் என்ன ஓடும் என்று செல்வமலருக்குத் தெரியும்.

தேருக்கு முதல்நாள் காலை ஞானேஸ்வரன் கரவனின் பொயிலரைப் போட்டார். உள்ளே டிக், டிக், டிக். பிறகு சிவப்பு லைற். அவ்வளவுதான்.

டக் டக். "ம்ம். சின்னப் பிரச்சினை."

"இஞ்சருங்கோ," என்றாள் செல்வமலர், "வெளியிலை சுவரிலை ஒரு வெள்ளை மூடி கிடக்கு. ஏதோ சிவப்பு எழுத்தும் இருக்கு. அதைக் கழட்டிப் பாப்பமே?"

"அது குளவி போகாமல் இருக்கிறதுக்கு. நான்தானே ரேப்பும் ஒட்டினனான். உமக்கு உது விளங்காது."

பொயிலரை மறைத்திருந்த பலகையைக் கழற்றினார். பதினான்கு ஸ்குறூ மாஜரின் டப்பாவுக்குள் போயின. திரும்பப் பூட்டியபோது பதினொன்றுக்குத்தான் இடம் இருந்தது. காஸ் சிலிண்டரை மாற்றினார். மாற்றியதை மறுபடி மாற்றினார். கரவனோடு வந்த விளக்கப் புத்தகம் எங்கே என்று கேட்கிறீர்களா? மேசை ஆடாமல் அதன் ஒரு காலுக்குக் கீழே, மிகவும் பயனுள்ள நிலையில் இருந்தது.

"காஸ் வேலை தெரிஞ்ச ஆரையும் கூப்பிடுவமே?"

"அவன் வந்து என்ன செய்யப்போறான்? தட்டிப் பாப்பான்!"

பதிலாக, சுவிஸிலிருக்கும் தம்பி றமணனை வீடியோவில் கூப்பிட்டார். றமணனுக்கு அங்கே கார் ரயர்க் கடை. இந்த இனம் ரத்தத்தில் ஓடுவது.

"அண்ணை, கமராவைத் திருப்புங்கோ. உங்கடை மூக்குத்தான் தெரியுது."

"இப்ப?"

"இப்ப மூக்கின்ரை மற்றப் பக்கம்."

பின்னேரம் சந்திரவதனா பெட்டியோடு வந்து இறங்கினாள். "தம்பி, சுடுதண்ணி வருமோ?"

"வந்துகொண்டிருக்கக்கா."

"எங்கையிருந்து?"

தேரன்று விடிய வீட்டுச் சுடுதண்ணீரை முதல் நாலு பேரே முடித்துவிட்டார்கள். முழுகத் துவாயைத் தோளில் போட்டபடி அக்கா கரவன் வாசலில் நின்றாள்.

அந்த மூடியைச் செல்வமலர் முதல்நாளே கழற்றியிருக்கலாமே என்பீர்கள். அவள் கையால் கழன்றால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் வருகிற பழுதெல்லாம் அவள் கழற்றியதால் வந்த பழுதாகிவிடும். இருபத்தாறு வருடத்தில் அதைக்கூடப் படிக்காமலா இருப்பாள்? ஆனால் இப்போது அக்காவின் துவாயைப் பார்த்தாள். கரவனைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கரண்டிக் காம்பால் ரேப்பைக் கிழித்து மூடியை நெம்பினாள். அடைபட்டுப் பொயிலரைப் பற்றவிடாமல் வைத்திருந்த புகை ஓட்டை மூச்சு விட்டது. மூடியில் ஆங்கிலத்தில், குழந்தைக்கும் விளங்குகிற மாதிரிச் சிவப்பில் எழுதியிருந்தது: பாவிக்குமுன் கழற்றவும்.

அதே நேரம் உள்ளே அவர் பொயிலரை மறுபடி போட்டுவிட்டு, கடைசித் தடவையாக, டக் டக்.

புஸ்ஸ்.

"பாத்தீங்களோ!" என்று ஞானேஸ்வரன் கத்தியது தெருமுனை பஸ் தரிப்புக்குக் கேட்டிருக்கும். "தட்டுற இடத்திலை தட்ட வேணும்!"

அரை மணித்தியாலத்தில் அக்கா சுடச்சுட முழுகினாள். முகம் வீங்கவில்லை. கற்பூரச்சட்டியோடு மூன்று சுற்று வந்தாள். ஜேர்மனிக்குத் திரும்பிப் போனதும் உப்புக் கதையை நிறுத்திவிட்டு, "மலரின்ரை மனிசன்ரை கை ராசியான கை" என்ற கதையைத் தொடங்கினாள். இப்போது ஐரோப்பாவின் நாலு மூலையிலிருந்தும் பழுதான பொருட்களைக் கமராவுக்கு முன்னால் பிடிக்கிறார்கள். அவர் மிச்சம் வீட்டிலிருந்தபடியே மேசையைத் தட்டிக் கேட்கிறார்.

செல்வமலர் மூடியை நன்றாகக் கழுவி, அதில்தான் தினமும் அவருக்குத் தேத்தண்ணியோடு பிஸ்கட் வைக்கிறாள். பிஸ்கட் முடிய முடியச் சிவப்பு எழுத்துத் தெரிந்துகொண்டு வரும். அவர் வாசிப்பதில்லை. ஒருநாள் மாத்திரம் இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல பிளேற், எங்கை வாங்கினனீர்?" என்று கேட்டார். போன கிழமை, கரவனின் பின்பக்க ஓட்டைக்கு ஒரு புது மூடியும் ஓடர் பண்ணியிருக்கிறார்.

கதையின் நடுவிலேயே "காஸ்தான் பிழைச்சிருக்கும்" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தால், தயவுசெய்து உங்கள் நடுவிரல் மொளியை ஒருமுறை பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் பிஸ்கட் வருகிற தட்டையும் பாருங்கள். அதில் சிவப்பு எழுத்து இருந்தால், ஞானேஸ்வரனைப்போலவே நீங்களும் ஒருவருக்கு மூன்று சொல் கடன்: "நீர் சொன்னது சரி."