அதெப்படி கண்டக்டரின் இடைநில்லாப் பேருந்து

நம்மிடம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதற்கு முன், நாம் பேசிய வார்த்தையைக் கிழித்துப் போட்ட கண்டக்டர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்ஸில் இருந்தார். சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் எல்லாருக்கும் அவர் 'அதெப்படி'.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நைட்டி தைக்கும் ஷெட் ஒன்றில் வேலை பார்த்தேன். படிப்பு பத்தாவதோடு நின்றிருந்தது. வீடு செம்மண்டலத்தில். எட்டு பத்துக்குக் கடலூரில் கிளம்பும் அவருடைய வண்டியைப் பிடித்தால் ஒன்பதுக்குள் ஷெட்டில் இருக்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் ஊர்ந்து வந்து சேர ஒன்பதரை ஆகும். எங்கள் சூப்பர்வைசர் சரியாக ஒன்பதுக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். ஒரே மாதத்தில் மூன்று தடவை பூட்டிய கேட்டைப் பார்த்தவர்கள், நாலாவது தடவை பார்த்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

முதல் நாள் டிக்கெட் கொடுக்கும்போது எங்கே வேலை என்று கேட்டார். "நைட்டி தைக்கிற எடத்துல" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"நைட்டின்னா நைட்டுல போடுறது. எங்க தெருவுல காலைல பால் வாங்குறதுலேருந்து சாயங்காலம் ரேஷன் கடை வரிக்கும் அதத்தான் போட்டுக்குனு போறாங்க. அதெப்படி?"

நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அவரே தீர்ப்பும் சொன்னார். "இது மோதல்."

பஸ்காரர் என்பதால் அவரிடம் இரண்டே பிரிவுகள் இருந்தன. ஒத்துப்போகாத இரண்டு வார்த்தைகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டால் மோதல். முட்டுவதுபோல் வந்து விலகிப் போனால் உரசல். 'கொஞ்சம் ஜாஸ்தி' என்பது உரசல். காலேஜ் பெண்கள் சொல்லும் 'பயங்கர அழகு' மோதல். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் பக்தியோடு, "சிதம்பர ரகசியம் பாக்கணும், கடைசி ஸ்டாப்பா?" என்று கேட்டுவிட்டார்.

"ஊரே வரிசையில நின்னு பாத்துட்டு வருது. அதெப்படிங்க அது ரகசி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். மோதலா, உரசலா என்று அவர் தீர்ப்பு சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

டிரைவர் அவருக்கு மச்சான், மனைவியின் தம்பி. ஒரு மழைநாளில் டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "வண்டி ஃபுல்லா காலியா கெடக்கு மச்சான், கெளம்பட்டுமா?" என்றார். அவ்வளவுதான்.

"ஃபுல்லா, காலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"வண்டி எடுக்கட்டுமா வேணாமா?"

"ஃபுல்லுன்னா நான் நடக்க எடம் இருக்காது. காலின்னா எனக்கு வேலையே இருக்காது. ரெண்டும் ஒரே வண்டில அதெப்படி மச்சான்? இந்த மாதிரி ஒரு வண்டி உலகத்துலயே கெடையாது!"

அன்று எட்டு பத்து வண்டி எட்டு பதினாறுக்குத்தான் கிளம்பியது.

அவரைத் தோற்கடித்த ஒரே ஆள், ஓ.டி. என்கிற கடலூர்ப் பழைய டவுனில் கருவாட்டுக் கூடையோடு ஏறும் மீன்காரக்கா. அக்கா ஒருநாள், "எங்க பெரிய சித்தி ஊட்டுல விசேஷம்" என்று யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது.

"சித்தின்னாலே சின்னவங்க. அதுல பெரிய சித்தி அதெப்படிக்கா?"

"யோவ், எங்கம்மாவுக்குத் தங்கச்சி ரெண்டு பேரு. ரெண்டு பேருல மூத்தவ பெரிய சித்தி. ஒனக்கு மாமியா ஊட்டுல மனுசங்களே கெடையாதா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் ஆலப்பாக்கம் வரை யோசித்துவிட்டு, "சரி. உரசல்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

இத்தனை பேரைப் பிடித்துக் கேள்வி கேட்டவருக்குத் தன் வண்டியைப் பார்த்தால் தலை நிமிராது. ஏனென்றால் அதன் நெற்றியில் 'இடைநில்லாப் பேருந்து' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் வழியில் பதினோரு இடத்தில் நிற்கும். 'எறக்கம்!' என்று உள்ளே இருந்து யார் குரல் கொடுத்தாலும் விசில் அடிக்க வேண்டும். அதுதான் அந்த ரூட்டின் வழக்கம். முழு மோதல் என்று அவரே புலம்புவார்.

என் பாடு வேறு. நாலு பேர் நடுவில் குரலெடுத்துக் கத்த எனக்கு வராது. முதல் நாள் என் இடம் வந்தபோது எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் இறங்கினேன்.

"புதுச்சத்திரம் டிக்கெட்ட வெச்சுக்குனு சிதம்பரத்துல எறங்குறியே, அதெப்படிம்மா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் இறங்கும் இடத்துப் புளியமரம் தெரிந்ததும் அவரே, "எறக்கம் ஒண்ணு!" என்று கத்தி விசில் அடித்தார். இரண்டு வருஷம் எனக்காகக் கத்தியது அவர் தொண்டைதான்.

வினை அவருடைய வாயிலேயே இருந்தது. பஸ் முதலாளியின் மகன், ஐம்பது வயதான சின்ன முதலாளி, பஸ் ஷெட்டுக்கு வந்தபோதெல்லாம் இவர் அவரிடம் போர்டைக் காட்டி, "நின்னா அதெப்படி சார் இடைநில்லா?" என்று நச்சரித்திருக்கிறார். சின்ன முதலாளிக்கு ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. "நீ சொல்றதுதான்யா சரி. திங்கக்கெழமைலேருந்து கடலூர்ல எடுத்தா சிதம்பரம். நடுவுல நிக்கக் கூடாது. நானே வண்டில வந்து பாக்குறேன்."

திங்கட்கிழமை சின்ன முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் அடைமழை. மூன்று தடவை ஏற்கெனவே பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து வேறு வழி தேடிக்கொள்ளலாம், அன்றைக்கு மட்டும் புதுச்சத்திரத்தில் இறங்கிவிட்டால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டு ஏறியிருந்தேன்.

ஆலப்பாக்கத்தில் மூன்று பேர், "எறக்கம், எறக்கம்!" என்று கத்தினார்கள். வண்டி நிற்காமல் போனது. "சிதம்பரத்துல எனக்கு என்னய்யா மாமியா ஊடா இருக்கு?" என்று ஒருவர் எகிறினார். அன்று பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஏறியிருந்த மீன்காரக்கா கூடைக்குப் பின்னாலிருந்து, "எல்லாம் இவுரு பத்த வெச்சது. இப்ப போர்டும் வண்டியும் ஒத்துப்போச்சு. குளுகுளுன்னு இருக்கா கண்டக்டரே?" என்றது.

புளியமரம் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அடித்தே விட்டார்.

பழக்கதோஷத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். சின்ன முதலாளி பாய்ந்து எழுந்தார். "யோவ், ஏன்யா நிறுத்துன?"

"நிக்கல சார்."

"நிக்குதேய்யா!"

"இன்ஜின் ஓடுது பாருங்க. ஓடுற இன்ஜின வெச்சுக்குனு வண்டி நின்னுபோச்சுன்னா, அதெப்படி சார்?"

"கண்ணு முன்னாடி மரம் அப்படியே நிக்குதுய்யா!"

"மரம் எப்பவும் நிக்கும் சார். அதுக்கு வண்டி என்னா பண்ணும்?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் சந்தடி சாக்கில் படியில் காலை வைத்தேன். அசையாமல் நிற்கும் பஸ்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் வெகு அக்கறையாகச் சொன்னார்: "பாத்து எறங்கும்மா. ஓடுற வண்டி."

எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஷெட்டுக்குள் போய்விட்டேன். அவர்தான் அந்த வண்டியை விட்டே போக வேண்டியதாயிற்று. அடுத்த நாளே அவரைக் கம்மாபுரம் போகும் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். எல்லா மரத்தடியிலும் நிற்கும் வண்டி அது. நெற்றியில் எந்தப் பொய்யும் எழுதியிருக்காது. அவருக்கு அது தண்டனையா, சன்மானமா என்று கேட்க நினைத்தேன். நான் எங்கே கேட்டேன்!

இடைநில்லா உத்தரவு அதற்கப்புறம் இரண்டே நாள்தான் ஓடியது. வண்டியில் ஏற ஆளில்லை. நானும் அந்த இரண்டு நாளும் விடியலிலேயே கிளம்பி, முந்தைய டவுன் பஸ்ஸில் போய், இன்னும் திறக்காமல் பூட்டியே கிடந்த கேட்டுக்கு முன்னால் காத்திருந்தேன். மூன்றாம் நாள் வண்டி பழையபடி பதினோரு இடத்திலும் நின்றது. போர்டை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

அன்று புதுக் கண்டக்டர், சின்னப் பையன். புளியமரம் வருவது அவனுக்குத் தெரியாது. நான் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, "எறக்கம் ஒண்ணு!" என்று கத்தினேன். டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மீன்காரக்கா கூடையைப் பிடித்துக்கொண்டு, "ஐயே, ஒனக்குத் தொண்டை இருக்குதா!" என்றது.

முகூர்த்த நாள் வேறு. உள்ளே கால் வைக்க இடமில்லை, படியில் ஆறு பேர் தொங்கினார்கள். அவர்களை விலக்கி இறங்கிக்கொண்டே, 'அதெப்படி?' என்று கேட்க யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வண்டி ஃபுல்லா காலியாக இருந்தது.