இஸ்பஹான் பாலத்துக்குத் தண்ணீர் விட்ட கதை

படத்தில் குறை கண்டால் கை சும்மா இராது. இது ஸ்டூடியோக்காரரின் வியாதி. எனக்கு அது முற்றியிருந்த காலத்தில் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு படக்கடையில் வேலை செய்தேன். பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு கொண்டாடும் பிள்ளைகளைச் சுவிஸ் மலையில் நிறுத்துவது, மாப்பிள்ளைமாருக்குத் தலைமயிர் நடுவது எல்லாம் என் திருப்பணிகள். (ஒருவருக்குக் கூடுதலாக நட்டு, "இது ஆர்?" என்று பெண்வீட்டார் கேட்டது வேறு கதை.)

நாங்கள் குடியிருந்த கார்ஜ் புறநகரில் எங்கள் மேல்வீட்டில் இருந்தவன் பெஹ்ரூஸ். ஈரானியன். 2009 தேர்தல் கலவரத்தில் நாட்டைவிட்டு வந்தவன். திரும்பிப் போக முடியாதவன். இஸ்பஹானில் அவனுடைய தாய் இறந்தபோது தொலைபேசியில்தான் செத்தவீடு பார்த்தான். நாற்பதாம் நாளுக்கு வைக்க, தங்கை அனுப்பிய கடைசிப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னான்.

வளைவு வளைவாக நீண்டு கிடக்கும் பழைய கல் பாலம், அந்தக்கால அரசன் கட்டியது. அதற்கு முன்னால் ஒரு மடக்குக் கதிரையில் தாய். எல்லாம் வடிவு. ஆனால் பாலத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் வெடித்த மண்.

செத்தவருடைய படத்தில் வறண்ட ஆறா? மனம் கேட்கவில்லை. சேன் நதிப் படமொன்றிலிருந்து தண்ணீரை வெட்டி எடுத்துத் தாராளமாக விட்டேன். அவர் கதிரை போட்டிருந்ததே வறண்ட ஆற்றுக்குள் என்பதால் தண்ணீர் மடிவரை ஏறியது. தண்ணீரில் பாதி தாழ்ந்த கதிரை அசிங்கமாக இருந்தது, அதையும் அழித்தேன். புண்ணிய நதியில் நீராடுவதுபோல வந்திருக்கிறதென்று எனக்கே கண் கலங்கியது.

நாற்பதாம் நாள், வீடு நிறைந்த ஆட்களுக்கு முன்னால் பெஹ்ரூஸ் உறையைப் பிரித்தான். என் மனைவி என் காதுக்குள் சீறினாள்: "என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? மனுசி தண்ணிக்குள்ள தாழுறா!"

பெஹ்ரூஸ் பிரெஞ்சில் கேட்டான்: "இந்தத் தண்ணி எங்கையிருந்து வந்தது?"

"சேன் நதியிலிருந்து."

சிரித்தான். மூச்சு முட்டச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"போனில அம்மா முதல் சொல்லுறதே ஆத்துக்கதைதான். 'இன்னும் தண்ணி வரேல்லை மகன்' எண்டுவா. கதிரையைக் கொண்டுபோய் அதுக்குள்ளையே இருப்பா. தண்ணி வந்தால்தான் எழும்புவனாம்," என்றான்.

"மன்னிச்சுக்கொள். திருத்தாத படத்தை அடிச்சுத் தாறன்," என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும். கால் நனைக்கட்டும்."

அந்தப் படம் அவன் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டிலோ, கறியில் உப்புக் கூடினாலும், நான் கதையைப் பெருப்பித்தாலும், "அப்பா தண்ணி விட்டிட்டார்" என்பார்கள்.

பெஹ்ரூஸ் நாட்டைவிட்ட அதே 2009இல்தான் என் அம்மாவும் போனார், வன்னியில், கடைசிப் போரில். மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். போன வருடம் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். மங்கல்தான், ஒரு புள்ளியும் திருத்தவில்லை. அப்பம்மாவை ஒருநாளும் கண்டிராத மகள், பிரெஞ்சில் கேட்டாள்:

"பப்பா, இதுக்குத் தண்ணி விடேல்லையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஆணி அடித்தேன். அடித்து முடிந்த பிறகும் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.