சேற்றில் இறங்கிய குதிரைப்படை

பன்னிரண்டு குதிரைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை.

கோட்டையில் மொழிபெயர்க்கிற துபாஷி ஆதிநாராயணன் ஒவ்வொன்றாக மேஜைமேல் நிறுத்திப் பார்த்தார். ஒரு மூச்சு நின்றன. பிறகு இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டன. மேலே உட்கார்ந்திருந்த விரலளவு வீரர்களும் ஈட்டியோடு சேர்ந்து படுத்துக்கொண்டார்கள்.

"இன்னாப்பா தங்கவேலு, எல்லாம் செத்த மாதிரி கெடக்குது?"

தங்கவேல் தோணி கட்டுகிற ஆசாரி. அவன் கட்டிய தோணி கவிழ்ந்ததாகப் பழவேற்காட்டில் யாரும் சொன்னதில்லை. அந்தக் கைப்பழக்கத்தில் குதிரைகளுக்கும் வயிற்றைக் கூராக இறக்கியிருந்தான். கால்கள் நான்கும் துடுப்புகளைப் போல இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணில வுட்டுப் பாரு துபாஷய்யா. ஒண்ணு கவுந்துச்சுன்னா என் பேர மாத்திக்கறேன்."

"சண்ட மேஜ மேல நடக்குதுய்யா!"

"அத மொதல்லயே சொல்லணும்."

கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது. பதினைந்து நாளைக்கு முன் கப்பலில் ஒரு பெரிய துரை வந்து இறங்கியிருந்தார். ஏரியிலிருந்து மேற்கே, நெல்வயல்களின் நடுவே, ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆட்கள் முளை அடித்துவிட்டு வந்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு முளையும் இல்லை. எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் பிடுங்கிக்கொண்டுபோய் ஆடு கட்டியிருந்தார்கள்.

பெரிய துரை கொதித்தார். "படையை அனுப்பு!" என்றார்.

கோட்டைக் கப்பித்தான் யாகோப் துரை நிதானமான மனிதர். "அனுப்பலாம் ஐயா. அதற்கு முன் ஒரு சண்டையை மேஜைமேல் ஆடிக் காட்டுகிறேன். எங்கள் ஊரில் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். கொடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். பிரபுவின் குதிரைப்படை அவர்களை அடித்து நொறுக்கியது. பார்த்தால் உங்களுக்கே தெரியும், குடியானவர்களோடு எப்படிச் சண்டை போடுவது என்று" என்றார். அதற்குப் பத்து நாள் கெடு வாங்கிக்கொண்டு, பொம்மைகளைத் தயார் செய்யும் வேலையை ஆதிநாராயணன் தலையில் கட்டினார்.

அந்த நெல்வயல் ஊர்தான் ஆதிநாராயணனின் மாமியார் வீடு. செய்தி கேட்ட அன்றே அவர் மனைவி காந்தம்மா சொல்லிவிட்டாள்: "எங்க நைனா நெலத்துல ஒரு சிப்பாய் கால வெச்சான்னு வெச்சுக்க, அன்னியிலேருந்து நீ சோத்துக்குக் கோட்டைக்கே போயிடு."

ஆதிநாராயணன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மேஜைமேல் குடியானவர்கள் நன்றாக அடி வாங்கட்டும். அதைப் பார்த்துப் பெரிய துரையின் மனம் குளிரும். மனம் குளிர்ந்தால் நிஜப் படை வேண்டியிருக்காது. ஆகவே குதிரைகள் ஜெயிக்க வேண்டும். ஜெயிப்பதற்கு முதலில் நிற்க வேண்டும்.

ஏரி மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மேஜைமேல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினார். குதிரைகளை அதில் செருகியதும் பன்னிரண்டும் கம்பீரமாக நின்றன. ஆதிநாராயணன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. குதிரைகள் நின்றன. ஆனால் நகரவில்லை. ஒன்றை இழுத்ததில் தலை மட்டும் கையோடு வந்தது.

இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். போதவில்லை என்று இன்னும் இரண்டு ஊற்றினார். போர்க்களம் நாற்று நடத் தயாராகிவிட்டது.

கொடியிலும் கோளாறு. பாலாடைக்கட்டியைப் பழவேற்காட்டில் யாரும் பார்த்ததில்லை. "கெட்டித் தயிர் மாதிரிப்பா" என்று கொடி எழுதுகிறவனிடம் சொல்லியிருந்தார். அவன் பானையோடு எழுதிவிட்டான்.

கப்பித்தான் வந்து பார்த்தார். கொடியை உற்றுப் பார்த்தார். "எங்கள் குடியானவர்கள் கள்ளுக்காகச் சண்டை போடவில்லை" என்றார். பிறகு சேற்றில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதாக உள்ளே போனது. "ம்" என்றார்.

ஆதிநாராயணன் ஒரு துணியை எடுத்துச் சேற்றை ஒற்றப் போனார். "ராத்திரிக்குள் காயவைத்துவிடுகிறேன் துரை."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்று கப்பித்தான் விரலைத் துடைத்துக்கொண்டார். "நான் குதிரைப்படையை நடத்துகிறேன். குடியானவர்கள் பக்கம் ஆட நல்ல ஆளாக ஒருவரைக் கூட்டி வா. நிஜக் குடியானவராக இருக்க வேண்டும்."

நல்ல ஆள் என்றால் சொன்னபடி கேட்கிற ஆள் என்று ஆதிநாராயணன் புரிந்துகொண்டார். மாமியார் ஊரில் தருமனைப் போல் சாதுவான மனிதர் இல்லை. அவரிடம் பேசி முடித்தார்.

ஆட்டத்தன்று காலையில் கோட்டை வாசலில் வந்து நின்றது தருமன் இல்லை. அவருடைய சம்சாரம் தனக்கோடி.

"அவுருக்குக் காலு சுளுக்கிக்கிச்சு. அதான் நான் வந்தேன்."

ஆதிநாராயணன் தூணைப் பிடித்துக்கொண்டார். முதல் முளையைப் பிடுங்கியவளே தனக்கோடிதான்.

"சரி, வந்தது வந்துட்ட. நான் சொல்றத கேளு. நீ தோத்துடணும்."

"இன்னாத்துக்கு?"

"தோத்தா பெரிய துர மனசு ஆறிப்பூடும். உங்க வயலாண்ட சிப்பாய் வரமாட்டான்."

"வயலுக்காகன்னா தோக்கறேன். தோக்கறது இன்னா பெரிய வேல? நின்னுகினே இருந்தா அடிச்சுட்டுப் போறான்."

கூடத்தில் மேஜையைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். நின்றவர்கள் பதினொரு பேர்தான். மற்றவர்கள் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். பெரிய துரை நாற்காலியில் சாய்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். மேஜையின் ஒரு முனையில் ஊர்வாசல், அதையொட்டிக் கோயில் கோபுரம், ஒரு பீரங்கி, பிரபுவின் பொம்மை; நடுவில் கொடியோடு பதினாறு குடியானவர்கள். கப்பித்தான் சட்டத்தைச் சொன்னார். பகடையில் விழுகிற எண்ணிக்கைக்குத் தக்கபடி பொம்மைகளை நகர்த்தலாம். முட்டிக்கொண்டால் அதிகம் போட்டவர் மற்றவரைச் சாய்க்கலாம். மணற்கடிகாரம் காலியாவதற்குள் பத்துக் குடியானவர்கள் ஊர்வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அவர்களுக்கு ஜெயம். இல்லாவிட்டால் பிரபுவுக்கு.

தனக்கோடி முதல் பகடையைப் போட்டாள். ஆறு. தன் ஆட்களை ஊர்வாசலுக்கு எதிர்ப்பக்கமாக ஓடவிட்டாள், மேஜையின் ஓரத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்துக்கு.

சபாஷ் என்று ஆதிநாராயணன் மனதுக்குள் சொன்னார்.

கப்பித்தான் தாடியைத் தடவினார். பிறகு பன்னிரண்டு குதிரைகளையும் அவர்களுக்குப் பின்னாலேயே விரட்டினார். நான்கு குதிரைகள் கழுத்துவரை இறங்கின.

"துரை, அங்கே சேறு அதிகம்" என்று ஆதிநாராயணன் அவர் காதருகே சொன்னார்.

"யுத்தத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கப்பித்தான் இன்னும் மூன்றை இறக்கினார்.

தனக்கோடி திகைத்தாள். அடுத்த பகடை. மறுபடியும் ஆறு. தன் ஆட்கள் எல்லாரையும் சேற்று விளிம்பில் படுக்கவைத்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துக்கினு கீறாங்க. வந்து அடிக்கச் சொல்லு."

ஆதிநாராயணன் பெரிய துரைக்கு மொழிபெயர்த்தார்: "குடியானவர்கள் பயந்து தரையில் விழுந்துவிட்டார்கள் என்கிறாள்."

பெரிய துரை திருப்தியாகத் தலையாட்டினார். "அடி, கப்பித்தான்!"

கப்பித்தான் பகடையை வீசினார். ஐந்து விழுந்தது. வீசிய வேகத்தில் அது உருண்டு மேஜையிலிருந்து கீழே குதித்தது. "கீழே விழுந்தால் செல்லாது" என்று மறுபடி வீசினார். ஒன்று. ஒரே ஒரு குதிரை ஒரு விரற்கடை நகர்ந்து, அதுவும் சேற்றில் குப்புற விழுந்தது.

பீரங்கியாவது மிச்சம் இருக்கிறதே என்று ஆதிநாராயணன் மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்த முறை கப்பித்தான் அந்தப் பீரங்கியையும் மெதுவாகத் திருப்பி, தன் பக்கத்துக் கோயில் கோபுரத்துக்கு நேராக நிறுத்தினார்.

தனக்கோடிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தாளுக்கு அடிக்கவே தெரியலயே! நான் எவ்ளோ நேரம்தான் படுத்துக்கினே இருக்கறது? இவுரு கையில நாலு ஆட்டக் குடுத்தா சாயங்காலம் ரெண்டுதான் வூடு திரும்பும்."

"என்ன சொல்கிறாள்?" என்று பெரிய துரை கேட்டார்.

"கப்பித்தான் துரையின் வீரத்தை மெச்சுகிறாள் ஐயா."

சிப்பாய்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கள்ளுப்பானைக் கொடியின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். தனக்கோடியின் முகமும் மாறிக்கொண்டே வந்தது. தோற்கத்தான் வந்தாள். ஆனாலும் எதிரே இத்தனை பெரிய வாசல் திறந்து கிடந்தால் கை சும்மா இருக்குமா? ஒரு ஆறு, ஒரு ஐந்து, இன்னொரு ஆறு. அவளுடைய ஆட்கள் எழுந்து, பாதிப் புதைந்த குதிரைகளின் முதுகில் மிதித்துக்கொண்டு, வாசலுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார்கள்.

"தனக்கோடி!" என்று ஆதிநாராயணன் பல்லைக் கடித்தார்.

"தெரியுது, தெரியுது. கையி கேக்க மாட்டேங்குது."

மணற்கடிகாரத்தில் ஒரு சிட்டிகை மணல்தான் மிச்சம் இருந்தது. ஆதிநாராயணன் கடைசி வழியில் இறங்கினார். குடியானவர்கள் சாயட்டும் என்று, யாரும் பார்க்காதபோது மேஜைக் காலை ஓங்கி ஒரு உதை விட்டார்.

குதிரைகளுக்குத்தான் கூர்வயிறு. குடியானவர்களுக்குத் தங்கவேல் தட்டையாக அடி வைத்திருந்தான், அகலப் படகைப் போல. உதையில் சேறு ஒரு அலையாக எழுந்தது. குடியானவர்கள் பதினாறு பேரும், கொடியோடு, வரிசை குலையாமல், வழுக்கிக்கொண்டு ஊர்வாசலுக்குள் போனார்கள். பிரபுவின் பொம்மை மல்லாக்க விழுந்து மூழ்கியது.

சிப்பாய்கள் மேஜையை நெருங்கிவந்து எட்டிப்பார்த்தார்கள்.

"அசைந்தது அசைந்ததுதான். சட்டம்" என்றார் கப்பித்தான் உடனே. அப்படி ஒரு சட்டத்தை ஆதிநாராயணன் அதுவரை கேட்டதில்லை.

பெரிய துரை எழுந்து வந்து மேஜைமேல் குனிந்தார். சேற்றிலிருந்து ஒரு குதிரையை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தனக்கோடியைப் பார்த்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளைப் போல் அந்த ஊரில் எத்தனை பேர்?"

ஆதிநாராயணன் தமிழில் கேட்டார்.

"நானாவது பரவால்ல. எங்க நாத்தனாருங்க நாலு பேர் கீறாங்க" என்றாள் தனக்கோடி.

இந்த ஒருமுறை ஆதிநாராயணன் வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தார்.

"அந்த ஊர் வயலும் இப்படித்தான் இருக்குமா கப்பித்தான்?"

"இதைவிட ஆழம் ஐயா" என்றார் கப்பித்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "என்னிடம் குதிரையும் கிடையாது. பதினொரு பேர் நடந்துதான் போக வேண்டும்."

பெரிய துரை கையிலிருந்த குதிரையின் சேற்றை வழித்துப் போட்டார். பிறகு குதிரையைக் கீழே வைத்தார். "கால்வாய் ஏரிக்கரை ஓரமாகவே போகட்டும். வயல் பக்கம் யாரும் போக வேண்டாம்."

தனக்கோடிக்கு அதைச் சொன்னதும் அவள் போட்ட குலவையில் காய்ச்சல்காரர்களும் எழுந்து ஓடிவந்தார்கள். கொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், ஆட்டுக் கொட்டகையில் கட்ட.

ஆதிநாராயணன் சேற்றுக் காலோடு கோட்டைச் சமையற்கட்டில் போய் உட்கார்ந்தார். கப்பித்தானுக்குச் சமைக்கிற சூசையம்மாள் மடவை மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை இலையில் வைத்துத் தள்ளினாள்.

"சாமி புண்ணியத்துல தப்பிச்சோம் சூசையம்மா. வூட்டுல எனக்கு இனிமே சோறு உண்டு" என்று சிரித்தார். "ஆனா இந்தக் கப்பித்தான் துர மாதிரி ஒரு மடையன நான் பாத்ததேயில்ல. தொறந்த வாசல வுட்டுட்டுச் சேத்துல போய் எறங்கறாரு!"

சூசையம்மாள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"மடையனா? பத்து நாளா தெனமும் மத்தியானம் இங்கயே என்னக் குடியானவளா குந்த வெச்சு, தோக்கறதுக்குத்தான் பழகுனாரு நைனா. நேத்துதான் மொத தபா ஒழுங்கா தோத்தாரு."