ஆறடிக் கடலும் உரோமக்கால் நண்டும்

வாழ்க நவநீதகிருஷ்ணன்! மேற்கே மலைத்தொடர் மதிலாய் நிற்க, கிழக்கே சஞ்சீவி மலை காவலிருக்க, இடைப்பட்ட வெளியெல்லாம் பஞ்சு பறக்கும் இராஜபாளையத்தில் பதினாறு தறிகளுக்குத் தலைவனாய் வீற்றிருந்து, நாடெங்கும் வழுக்கி விழுந்தோரின் முழங்காலையும் முட்டிக்கொண்டோரின் முன்நெற்றியையும் தன் வெண்துகிலால் சுற்றிக் காத்த கட்டுத்துணிக் காவலன், ஐம்பத்து நான்கு அகவை வரையில் தொந்தியையும் இரத்த அழுத்தத்தையும் தவிர வேறெதையும் வளர்த்தறியாத பெருமகன், ஒரு நன்னாளில் கடல் வளர்க்கத் துணிந்தான்.

மீன் வளர்க்க அல்ல, கேட்டீர்களா? கடல் வளர்க்க. எவரேனும் வாய்தவறி மீன்தொட்டி என்றால் அவன் புருவம் வில்லென வளையும். "மீன்தொட்டிங்காதீக. இது பவளப்பாறை. ரீஃப்" என்பான். எங்கோ குளிர்தேசத்தில் எவனோ ஒருவன் தன் வீட்டுக்குள் பவளப்பாறை வளர்ப்பதைக் கைப்பேசியில் மூன்று மாதம் பார்த்துப் பார்த்து, தறிச்சத்தம் கேட்டுக் கேட்டுப் பாதி போன அவன் செவியிலும் அலையோசை கேட்கத் தொடங்கிவிட்டதாகத் தெருவில் பேச்சு.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அவ்வளவு பெரிய கண்ணாடிக் கோட்டையை மில் சுமையாளர் எண்மர், தேர்வடம் பிடித்தோர் போல் பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்தில் இறக்கினர். இறக்க இடம் வேண்டுமே? அங்கே அதுவரை கொலுவிருந்தது ஒரு தேக்குச் சோபா. ஏழடி நீளமும் சிங்கமுகக் கைப்பிடியும் கொண்ட அச்சோபா, வீடு பால்காய்ச்சியபோது மனைவி அனுசியா தேவிக்கு அவள் அண்ணன் ஹரிகிருஷ்ணன் சீராய்க் கொடுத்தது. சீர் வந்த சோபா, மில் கிடங்குக்குப் போய், துணிப்பொதிகளுக்கு நடுவே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வனவாசம் புகுந்தது.

செய்தி திருவில்லிபுத்தூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பேருந்து போகும் நேரம்தான். அங்கே இரும்புக்கடை நடத்தும் ஹரிகிருஷ்ணன் சாமானியனா? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஒற்றைத் தங்கமீனைப் பொரி போட்டே பதினோராண்டு வாழவைத்தவன். வடிகட்டி அறியான், விளக்கு அறியான், ஞாபகம் வந்தால் தண்ணீர் மாற்றுவான். அவ்வீரன் நேரில் வந்து, தொட்டியை ஒருமுறை சுற்றிவந்து, தன் வாளை உறையிலிருந்து உருவினான்.

"ஏன் மாப்ள, தூத்துக்குடிக்கு பஸ் ஏறுனா மூணு மணி நேரத்துல கடலு. அத விட்டுட்டு வீட்டுக்குள்ள கடலக் கொண்டாந்து, எஞ் சோபாவ நாடு கடத்திட்டீரே!"

"மச்சான், பொரி போடுறது வேற. இது விஞ்ஞானம்."

"எம் மீனுக்கு விஞ்ஞானம் தெரியாது மாப்ள. அதான் பதினோரு வருசமா உசுரோட கெடக்கு."

அச்சொல் அம்பாய்ப் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் கட்ட நம் நாயகனிடம் துணிக்கா பஞ்சம்? கட்டிக்கொண்டு மேலே நடந்தான்.

நீர்வார்க்கும் படலம் தொடங்கிற்று. குழாய்நீர் ஆகாதென்று ஆர்.ஓ. கேன்கள் முப்பது இறங்கின. கப்பலேறி வந்த வாளியுப்பு அதில் கரைந்தது. எதிர்வீட்டு ஜெயபாய், முப்பதாண்டு நர்சாய் இருந்து ஓய்வுபெற்றவர், ஊசி போடுவதை நிறுத்தினாலும் குத்துவதை நிறுத்தாதவர், வாசலில் நின்று அறிவித்தார்: "உப்பு வெளையுற ஊரு நமக்குக் கூப்பிடு தூரம். இவிய சீமையில இருந்து உப்பு வரவழைக்காவ!"

நுரை கடையும் எந்திரம் உறுமிற்று. குளிரூட்டும் எந்திரம் முனகிற்று. மாலை ஆறு மணிக்கு மேலே நீலவிளக்கு எரிய, அவ்வொளி சன்னல் தாண்டித் தெருவில் பாய்ந்து, போவோர் வருவோர் வெள்ளைவேட்டியையெல்லாம் சொட்டுநீலம் கூடிப்போனது போல் ஆக்கிற்று. ஆனால் அத்தனைக்கும் நடுவே, அந்த ஆறடிக் கடலில் கல் இருந்தது, மணல் இருந்தது, அலை இருந்தது; மீன் மட்டும் இல்லை.

"ஏட்டி அனுசியா, தொட்டியெல்லாம் சோக்காத்தான் இருக்கு. மீனு எங்கட்டி?" என்று மறுபடி குத்தினார் ஜெயபாய்.

நாயகன் உள்ளிருந்து முழங்கினான்: "இப்ப மீனு விடக்கூடாதுக்கா. தண்ணி பழுக்கணும்."

"பழுக்கணுமா? வாழத்தாரா அது, பொகமூட்டம் போட?"

அதுதான் மெய் என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகி நீரைப் பக்குவமாக்கும்வரை மீன் பிழைக்காது. ஆகவே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மலைக்கு மாலையிட்டவன் போல நவநீதகிருஷ்ணன் வெறுங்கல்லையும் வெறும்நீரையும் பார்த்துத் தவமிருந்தான். வருவோரெல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்து, காபி குடித்து, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். ஒன்றும் சொல்லாமல் போவதைப்போல் ஒருவனைச் சுடுவது வேறெது?

நாற்பத்தொன்பதாம் நாள், அனுசியா காலண்டர் பார்த்துக் குறித்த நல்ல நேரத்தில், ஆரஞ்சு உடலில் வெண்பட்டை தீட்டிய கோமாளி மீன்கள் இரண்டு நீர்புகுந்தன. ஒன்று பெரியது, மற்றது பூண்டுப்பல் அளவே ஆன சிறியது. தெருவே திரண்டு கண்டது. கூடவே ஒரு பெட்டியில், அயல்நாட்டுப் பண்ணையில் வளர்ந்து சென்னைக் கடை வழியாய்ப் பார்சலில் வந்த சிறு பவளத்துண்டும், ஒட்டிய கல்லோடு உள்ளே இறங்கிற்று.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்லவேண்டும். தொட்டியின் மேல்விளிம்பில் சீப்புப்பல் போல் வெட்டிய ஒரு வாய் உண்டு. மிகும் நீர் அதன் வழியே வழிந்து, கீழே அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் சிறுதொட்டியில் இறங்கி, வடிந்து, மோட்டாரால் மறுபடி மேலேறும். "அண்ணே, அந்த வாய்க்குக் குறுக்க ஒரு வலை கட்டிருங்க" என்று சென்னைக் கடைக்காரர் போனில் சொன்னார். நாயகன் நகைத்தான். "வலையா? எங்கிட்டயா சொல்லுதீக? நான் நெய்யுற துணிய விரிச்சா சென்னையவே மூடலாம்." மூடலாம்தான். அன்றைக்கு அனுப்பவேண்டிய சரக்கு இருந்தது. கட்டுவது நாளைக்கென்று ஆயிற்று.

அவ்வேளையில்தான் மகள் ஆனந்தவல்லிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து வேனில் வர, வளைகாப்பு தாய்வீட்டிலேயே என்று முடிவாயிற்று. தாய்மாமன் ஹரிகிருஷ்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "எம் மருமக எஞ் சோபாவுல உக்காந்துதான் வளையல் போடணும்."

"பின்னால பவளப்பாறை தெரியுத மாதிரி உக்காரட்டும் மச்சான், போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்" என்றான் நவநீதகிருஷ்ணன்.

அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே அகப்பட்ட அனுசியா தேவி, இட்லித்தட்டைக் கீழே வைத்துவிட்டு அரசாணை பிறப்பித்தாள்: "ரெண்டு பேரும் வாய மூடுங்க. வளைகாப்பு அன்னிக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னால ரெண்டு மீனும் உசுரோட நீந்தணும். ஒண்ணு கொறஞ்சாலும் தொட்டி வெளிய, எங்கண்ணன் சோபா உள்ள."

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், காலைத் தீனி தூவிய நாயகன் எண்ணிப் பார்த்தான். ஒன்று. கண்ணாடி துடைத்துப் பார்த்தான். ஒன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். அப்போதும் ஒன்றுதான். பூண்டுப்பல்லைக் காணோம்!

மின்னல் பிளந்த பனையென நின்றவன் கண்ணில், அதே கணம், பவளத்துண்டின் அடியில் ஏதோ அசைந்தது. உரோமம் மூடிய எட்டுக்கால்கள். கரிய இரு கொடுக்குகள். கட்டைவிரல் நகமளவு உடல். கல்லோடு கல்லாய் ஒளிந்து, சீட்டில்லாமல் பயணித்து வந்த ஒரு நண்டு, தன் மிளகுக் கண்களைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, பொந்துக்குள் பின்வாங்கிற்று.

"கொலகாரா!" என்று அவன் இட்ட முழக்கத்தில், எதிர்வீட்டில் குக்கரின் மூன்றாம் விசில் எவர் காதிலும் விழாது போயிற்று.

அன்றே போர்முரசு கொட்டிற்று. மில்லில் மேஸ்திரியாயிருந்த பேச்சிமுத்து படைத்தலைவனாய் வரவழைக்கப்பட்டான். அவன் தொட்டியை நோக்கினான், நண்டை நோக்கினான், முதலாளியை நோக்கினான். "மொதலாளி, இம்புட்டூண்டு நண்டு. அந்த மீனு இதோட வாய்க்குள்ளயே போவாதே. எப்பிடித் திங்கும்?"

"பேச்சிமுத்து, நீ தறியப் பாரு. கடலப் பத்தி எனக்குத் தெரியும்."

தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே! பேச்சிமுத்து கைவிளக்கைப் பிடித்தான்.

முதல்நாள் போரில், கட்டுத்துணி வாங்கும் மருத்துவமனை ஒன்றிலிருந்து முழநீள இடுக்கி வந்தது. நாற்காலி மேல் ஏறி, தோள்வரை கையைக் கடலுக்குள் விட்டு, வேலெறியும் வீரன் போல் நவநீதகிருஷ்ணன் பொந்தைக் குத்தினான். நண்டு இடப்பக்கம் ஓடிற்று. இடப்பக்கம் குத்தினான், வலப்பக்கம் ஓடிற்று. அது நேராக ஒருபோதும் ஓடாதென்ற சிறுபாடம், அரைமணி நேரமும் அரைவாளிக் கடலும் தரையில் கொட்டிய பிறகே விளங்கிற்று. மூன்றாம் நாள், எவர்சில்வர் டம்ளருக்குள் நெத்திலிக் கருவாட்டை வைத்துச் சாய்த்துக் கிடத்தினான். கருவாடு போயிற்று, டம்ளர் இருந்தது, நண்டு இல்லை. கூடமெங்கும் கருவாட்டு மணம் கமழ, அனுசியா தேவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருட்டில்தான் நண்டு வெளிவரும் என்று கைப்பேசி ஓதிற்று. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கண்விழித்தால் நாயகனுக்கு இரத்த அழுத்தம் ஏறுமே! ஆகவே ஆறாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்த போர்வை, ஜமக்காளம், மகளின் பழைய தாவணி எல்லாவற்றையும் சன்னல்களில் கட்டி, சூரியனை மறைத்து, கூடத்துக்குள் ஒரு கள்ள இரவைப் படைத்தான். பட்டப்பகலில் அடைத்துக் கிடந்த வீட்டைக் கண்டு ஜெயபாய் பதறி ஓடிவந்தார்.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லக்கா. நண்டுக்கு ராத்திரியாம்."

ஜெயபாய் திரும்பிப் போய், தெருவில் நான்கு வீட்டுக்கு அதை அப்படியே சொன்னார். அன்று மாலைக்குள் அது பதினான்கு வீடாயிற்று.

வளைகாப்புக்கு முந்தின நாள், படைக்கலமெல்லாம் தோற்று, அம்பறாத்தூணி காலியாகிக் குந்தியிருந்த நாயகனுக்குத் தன் குலத்தொழில் ஞாபகம் வந்தது. தன் தறியில் நெய்த சல்லாத் துணியை ஒரு முழம் கிழித்தான். கருவாட்டை உள்ளே வைத்து உருட்டினான். நூலில் கட்டி இறக்கினான். அந்தோ! உருண்டையைத் தழுவிய நண்டின் உரோமக்கால்கள் ஒவ்வொன்றாய்த் துணியின் கண்களில் சிக்கின. எட்டுக் காலும் சிக்கிய பகைவனை நவநீதகிருஷ்ணன் மெல்ல, மூச்சடக்கி, தூண்டில் மன்னனாய் மேலே தூக்கினான். தாரை முழங்கவில்லை, பேச்சிமுத்து மட்டும் "அப்பாடா" என்றான். கைதி, உப்புநீர் நிரப்பிய டம்ளரில் சிறைவைக்கப்பட்டான்.

வென்றான், ஆனால் வென்று என்ன? மீன் இன்னும் ஒன்றுதானே. மதுரைக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டும் பூண்டுப்பல் அளவில் ஜோடி கிடைக்கவில்லை. பேச்சிமுத்துவை அழைத்து, "மில் சாவி இந்தா. நாளைக்குச் சோபாவத் தொடச்சு வையி" என்று சொல்லுகையில் அந்தக் குரல் உடைந்ததை, எதிர்வீட்டுச் சன்னல் வரைக்கும் கேட்டவர்கள் உண்டு. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

விடிந்தது. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று; ஐந்துவகைச் சோறும் இறங்கியாயிற்று; வேன் திருவில்லிபுத்தூர் தாண்டிவிட்டதென்று போன் வந்தாயிற்று. கழுவாத பாத்திரங்களை விருந்தினர் கண்ணில் படாமல் ஒளிக்க இடம்தேடிய அனுசியா தேவி, தொட்டியின் அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்தாள். அண்டாவை உள்ளே தள்ளப்போனவள், அப்படியே குனிந்து நின்றாள்.

"ஏங்க... ஒங்க மீனு கீழ கெடக்கு."

ஆம்! வலை கட்டாத வாய்வழியே வழுக்கி விழுந்த பூண்டுப்பல், பத்து நாளும் கீழ்த்தொட்டியில், மேலிருந்து வழிந்துவந்த தீனியையெல்லாம் தனியே தின்று, கொழுத்து, கொட்டைப்பாக்களவு ஆகி, வாலாட்டிக்கொண்டிருந்தது. நாட்டுக்கெல்லாம் துணி நெய்தவன் தன் தொட்டிக்கு ஒரு சாண் கிழித்துக் கட்டாமல், ஒரு பாவமும் அறியாத நண்டின்மேல் பத்துநாள் படையெடுத்திருக்கிறான்! பேச்சிமுத்து டம்ளரைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

சல்லாத் துணியில் ஏந்தி மீனை மேலேற்றினான் நாயகன். அதே துணியை வாய்க்குக் குறுக்கே இறுகக் கட்டினான். பின்பு டம்ளரை இருகையாலும் எடுத்து, போரில் தவறாய்ப் பிடித்த மன்னனுக்கு நாட்டைத் திருப்பித்தருபவன் போல், பவளத்தருகே மெல்லச் சாய்த்தான். நண்டு இறங்கிற்று, கொடுக்கைத் தூக்கிக் காட்டிற்று, பொந்து புகுந்தது.

தாம்பூலத்தட்டும் வளையல்கூடையுமாய்த் தாய்மாமன் வந்தான். மருமகளைப் பார்க்குமுன் தொட்டியைப் பார்த்தான். விரல்நீட்டி எண்ணினான். "ஒண்ணு... ரெண்டு." மறுபடி எண்ணினான். ரெண்டுதான். ஹரிகிருஷ்ணன் உருவிய வாளைப் பாதி உறையில் போட்டான். "பரவால்ல மாப்ள. பொரி போட்டுப் பாத்தீரா?"

நீலவொளி முன்னே ஆனந்தவல்லி அமர, கைநிறைய வளையல் குலுங்க, படங்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு படத்திலும் அவள் தோளுக்கு மேலே இரண்டு மீன்கள் நீந்தின. ஆயினும் அண்ணன் முகம் பிளாஸ்டிக் நாற்காலியில் வாடிக்கிடப்பதைக் கண்ட அனுசியா தேவி, பந்தி முடிந்ததும், எவரும் மறுக்கவியலாத இறுதி ஆணையை அவையிலே நிறுத்தினாள்: "தொட்டியும் இருக்கட்டும். எங்கண்ணன் சோபாவும் வரட்டும்." அவ்வாறே மறுநாள் காலை, வனவாசம் தீர்ந்த சிங்கமுகச் சோபா, லோடு ஆட்டோவில் ஏறி, பேச்சிமுத்து பின்னின்று காக்க, தெருவெல்லாம் வாசல்வந்து நோக்க, பவனிவந்து, ஆறடிக் கடலுக்கு எதிரே, ஒரு முழம் மட்டுமே இடைவெளி விட்டு, தன் அரியணை கொண்டது.

இப்போது அந்த வீட்டு ஹாலில் எல்லோரும் பக்கவாட்டில்தான் நடக்கிறார்கள்.