பிள்ளைப் பாஷை அறிந்தவர்கள்

பாஷை பெயர்ப்பவர்கள் இரண்டு வகை. திருவனந்தபுரத்து ஆபீசர் மலையாளத்தில் உறுமுவதை நம் ஊர் விவசாயிக்குத் தமிழில் சொல்லிச் சம்பளம் வாங்குபவர் ஒரு வகை. சம்பளம் வாங்காமலும், யாரும் கேட்காமலும், வாய் திறக்காத பிள்ளைகள் மனதில் நினைப்பதையெல்லாம் ஊருக்கு எடுத்துச் சொல்லவென்றே பிறவி எடுத்தவர் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். தொட்டில் ஆடுகிற வீட்டில் ஓர் ஆள் நிச்சயம்.

மயிலாடியில் அந்த ஆள் இசக்கியம்மை. கல்தச்சன் குமாரதாஸுக்கு மூத்த அக்காள். அவன் மனைவி பகவதிக்கு நாத்தனார், கூப்பிடுவது மைனி என்று. பாதி செதுக்கிய பிள்ளையாரைப் பார்த்து, "தும்பிக்கை பாரமா இருக்குன்னு சொல்லுகாரு" என்று ஒருமுறை சொன்னாள். தம்பி பயந்துபோய்த் தும்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துவிட்டான். அந்தப் பிள்ளையார் இன்றும் ஏதோ ஒரு கோயிலில் கொழுக்கட்டைக்கு எட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது கேள்வி. கல்லையே பேச வைத்தவளுக்குப் பிள்ளை எம்மாத்திரம்?

பகவதியின் மகன் வைகுண்டராஜனுக்கு மூன்று வயது நெருங்கியும் ஒரு சொல் வரவில்லை. அந்தக் கவலையில் பகவதிக்குச் சோறு இறங்கவில்லை. மைனிக்கு இறங்கியது. வீட்டுக்கு வருகிறவர் பழத்தை நீட்டி, "பேரென்ன மக்கா?" என்று குனிந்தால் போதும், பின்னாலிருந்து கீச்சுக்குரல் ஒன்று புறப்படும்:

"எனக்க பேரு வைகுண்டராஜன் மாமா. மட்டிப்பழம் எனக்கு ஆவாது மாமா. அத்தைக்குக் குடுங்க மாமா."

பிள்ளை பழத்தைப் பார்க்கும். பழம் அத்தையோடு போகும். பிறகு தரையில் விழுந்து புரண்டு, தலையை முட்டி, தூக்க வருகிற கையைக் கடிக்காமல் அவன் வேறு என்ன செய்வான்? கடிபட்டது எப்போதும் பகவதியின் கை. அதற்கும் மைனியிடம் பொருள் உண்டு: "கண்ணு பட்டிருக்குட்டி, அதைத்தான் சொல்லுகான்." உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். வீடே இருமும்.

ஒருநாள் அவன் முற்றத்துக் காக்காயை நோக்கி விரலை நீட்டினான். மைனி பால் கொண்டுவந்தாள். அவன் தட்டிவிட்டான்.

"காக்காயைல்லா காட்டினான், மைனி" என்றாள் பகவதி.

"ஏட்டி, நான் ஊர்ப் பிள்ளையெல்லாம் பாத்தவ. காக்காய்க்குப் பால் வைக்கச் சொல்லுகான். என்ன எரக்கம் பாத்தியா!"

இதெல்லாம் பகவதி பொறுத்தாள். எதிர்வீட்டு நேசபாய் கிணற்றடியில், "ஏட்டி, பய ஊமையோ?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய்ப் புருஷனிடம் நின்றாள். அவன் உளியைக் கீழே வைக்காமலே சொன்னான்:

"சாமிக்குக் கண்ணு தொறக்க எனக்கிட்ட உளி உண்டு. பிள்ளைக்கு வாய் தொறக்க இல்ல. அக்காளுக்கு வாய் அடைக்கவும் இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

நெய்யூருக்குப் பஸ் ஏறினாள் பகவதி. பிள்ளைக்காகப் பேச ஆள் வேண்டுமே என்று மைனியும் ஏறினாள். டாக்டரம்மா பிள்ளைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினாள். மைனி திரும்பினாள். "நாக்கை நீட்டு, பார்ப்போம்" என்றாள் டாக்டரம்மா. மைனி நீட்டினாள். அவள் அதையும் பார்த்துவிட்டு, "இந்த நாக்குக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லி, பிள்ளையை மடியில் இருத்தி மறுபடி முதலிலிருந்து சோதித்தாள்.

"காது கேட்குது. பேச்சுதான் பிந்தி நிக்குது. அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. அவனா வாயெடுக்கிற வரைக்கும் பொறுத்திருங்க. அடம் பிடிச்சா அடிக்காம பக்கத்திலேயே இருங்க."

"பொறுத்திருப்பான், டாக்டரம்மா" என்றாள் மைனி.

"நான் உங்களைச் சொன்னேன்."

"அவங்கிட்டயும் கேட்டுட்டேன். சரிங்கான்."

வாயை மூடு என்று மைனியிடம் சொல்ல நாஞ்சில் நாட்டில் எந்தத் தம்பி பெண்டாட்டிக்கும் வாய் கிடையாது. ஆனால் உபசாரம் செய்வதை யார் தடுக்க முடியும்? மறுநாள் காலையிலேயே பகவதி வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தாள். தளிர் வெற்றிலையாக அடுக்கி, பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் தாராளமாக வைத்து, பிள்ளை கண் விழித்திருக்கிற நேரமெல்லாம் மைனியின் கன்னம் புடைத்திருக்கும்படி பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு தம்பி பெண்டாட்டி ஊரில் உண்டா என்று மைனிக்கே பெருமை. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

அந்த அமைதியில் பகவதி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பழம்" என்பாள். காத்திருப்பாள். அவன் புரளுவான், அவளும் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அழுகை ஓய்ந்ததும் மறுபடி, "பழம்." பல நாள் ஒன்றும் இல்லை. எச்சில் துப்பப் போன மைனி திரும்புவதற்குள் சொல்லிவிடமாட்டானா என்று பகவதி வாசலைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் உதடு குவிந்தது. இன்னொரு நாள் "ப" என்று காற்று வந்தது. பகவதி முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முழுப் பழத்தையும் உரித்துக் கொடுத்தாள்.

ஆடி மாதம் வெற்றிலைக்காரன் வரவில்லை. மைனியின் வாய்க்கு விடுதலை. சமயம் பார்த்ததுபோல் நேசபாயும் அன்றைக்கே வந்து, "என்ன மக்கா, சுகமா?" என்று பிள்ளையிடம் குனிந்தாள். சேர்ந்துபோயிருந்த கீச்சுக்குரல் முழுவதும் திரண்டு வந்தது:

"சுகந்தான் சித்தி. எனக்கு என்ன கொண்டு வந்திய சித்தி? நான் அத்தைக்க..."

வைகுண்டராஜன் எழுந்து போனான். அத்தையின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"வேண்டாம்" என்றான். தெளிவாக.

பகவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேசபாய் பிள்ளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "ஏட்டி, பேசுகானே!" என்றாள். மைனி மெல்ல அந்தக் கையை எடுத்துவிட்டு, சொன்னாள்:

"கேட்டியா நேசபாய்? அத்தை பேசுகதை நிறுத்தவே வேண்டாம்ங்கான்."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை இருந்தால், அது உண்மைதானா என்று அதனிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

என்ன, அதற்குள் நீங்களே சொல்லிவிட்டீர்களா?